உப்புக்காற்றில் பழகிய மேசைக் கணினி: இப்போது செலவழிப்பதா, காத்திருப்பதா?

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், டி.டி.பி., இணையவழி விண்ணப்பம் ஆகிய வேலைகளுக்குக் கடை நடத்தும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கடையில் இருப்பது 2014ஆம் ஆண்டின் இறுதியில் வாங்கிய மேசைக் கணினி. இன்டெல் கோர் ஐ5-4460 பிராசசர், எச்81 மதர்போர்டு (மற்ற பாகங்கள் எல்லாம் செருகும் முதன்மைப் பலகை), 4 ஜிபி டிடிஆர்3 ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் தகவலைத் தாங்கும் நினைவகம்), 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் சுவிட்சைப் போட்டு முதல் விண்ணப்பப் பக்கம் திறப்பதற்குள் வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். ஃபோட்டோஷாப்பையும் பிரவுசரையும் ஒன்றாகத் திறந்தால் கணினி உறைந்து நிற்கிறது. கணினி விற்பவர் முழுவதையும் மாற்றச் சொல்கிறார். வீட்டார் விலை இறங்கும்வரை பொறுக்கச் சொல்கிறார்கள். எஸ்எஸ்டியும் (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) ரேமும் மட்டும் போட்டு ஓட்டலாமா என்பது அவருடைய எண்ணம்.

என் பதிலை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதற்கும் பணம் கொடுப்பதற்கு முன்பு கேபினைத் திறந்து மதர்போர்டைப் பாருங்கள். போர்டு நலமாக இருந்தால் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, ரேமைப் பழைய பொருளாகக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு, விண்டோஸ் 10 பாதுகாப்புக்கான கடைசிக் கெடுவுக்குள் புதிய கணினியை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். போர்டில் உப்பு அரிப்பு பிடித்திருந்தால் அதற்கென்று ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம், உடனே மாற்றிவிடுங்கள். இரண்டில் எதுவானாலும், அடுத்த கணினிக்கும் கூடவே வரக்கூடிய பொருளுக்கு மட்டுமே இப்போது புதுவிலை கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எஸ்எஸ்டி வரும், மானிட்டர் வரும், யுபிஎஸ் வரும், கடைக்குப் போடும் எர்த் வரும். டிடிஆர்3 ரேம் வராது. அடுத்த தலைமுறைகளான டிடிஆர்4, டிடிஆர்5 போர்டுகளின் இடுக்கில் அது பொருந்தவே பொருந்தாது.

கணினி ஏன் தவழ்கிறது என்பதை நீங்களே பார்த்துவிடலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். காலையில் கணினி எழுந்து வரும் நேரத்தில் அதில் டிஸ்க் என்ற பத்தியையும் மெமரி என்ற பத்தியையும் கவனியுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நெடுநேரம் நின்று, சிபியு என்ற பிராசசர் பத்தி இருபது முப்பதுக்குள் கிடந்தால், குற்றம் பிராசசருடையது அன்று. உங்கள் கணினியில் அநேகமாக அப்படித்தான் இருக்கும். ஹார்டு டிஸ்க்கில் ஒரு முள் நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேட வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சிறு கோப்புகளை நொடிக்கு நூறு முறை அளவில்தான் அதனால் எட்ட முடியும். சாட்டா என்ற வழக்கமான இணைப்பில் செருகும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை என்பதால் அதே வேலை நொடிக்குப் பல்லாயிரம் முறை நடக்கும். இதோடு 4 ஜிபி ரேம் நிரம்பி வழியும்போது விண்டோஸ் மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கிலேயே எழுதி எழுதிப் படிக்கிறது. ஃபோட்டோஷாப்பைத் திறந்தவுடன் எல்லாம் உறைவது இதனால்தான். பாஸ்போர்ட் அளவுப் படம் வெட்டுவதற்கும், டேலி கணக்கு மென்பொருளுக்கும், அரசு இணையதளங்களுக்கும், நான்கு கோர்களும் 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகமும் கொண்ட அந்தப் பிராசசர் இன்றைக்கும் போதும். ஆகவே அதே போர்டில் ஐ7 போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம்.

வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் இந்த இடத்திலேயே எஸ்எஸ்டி போடுங்கள் என்று முடித்திருப்பேன். நம் கரையில் அது போதாது. சாப்பாட்டு உப்பாகிய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். தீவிலும் மண்டபம் கரையிலும் ஆண்டின் பல இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவைக் கடக்கிறது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நுண்மணலும் உப்பும் சேர்ந்து வருகின்றன. வாடைக் காலத்தில் ஈரம் வருகிறது. கேபினின் விசிறி இவற்றை உள்ளே இழுத்துப் போர்டின்மேல் படியவைக்கிறது. இரவில் அந்தப் படிவு ஈரமாகிறது. ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் அரிக்கும். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்த வேண்டிவந்ததும் இந்த அரிப்பினால்தான். ராமநாதபுரம் நகருக்குள் இருக்கும் கணினியும், பாம்பனில் கடலைப் பார்த்த ஜன்னலருகே இருக்கும் கணினியும் ஒரே நாளில் வாங்கியவை ஆனாலும் ஒரே வயதுடையவை அல்ல.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகைக் கரையேற்றி, அடிப்பலகையைத் தட்டிப் பார்த்த பிறகுதான் இன்ஜினுக்குச் செலவழிப்பதா என்று உடைமையாளர் முடிவெடுக்கிறார். மதர்போர்டுதான் கணினியின் அடிப்பலகை.

பார்க்கும் முறை எளிது. கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். பக்கத் தகட்டைக் கழற்றி, கேபினைப் படுக்கவைத்து, செல்போன் விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். முதலில் பின்பக்கத்தில் யுஎஸ்பி, மானிட்டர் இணைப்புகள் இருக்கும் தகடு. அதிலும் திருகுத் தலைகளிலும் வெறும் செந்துரு மட்டும் இருந்தால் கவலை இல்லை, அது இரும்பு. ஆனால் போர்டின்மேல், குறிப்பாகப் பின்பக்க இணைப்புகளுக்கும் ரேம் இடுக்குகளுக்கும் அருகில், பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் செம்புத் தடங்கள் அரிபடுகின்றன என்று பொருள். அடுத்து, நின்றுகொண்டிருக்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் உச்சியைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருக்கவோ பழுப்பாகக் கசிந்திருக்கவோ கூடாது. வட்டவடிவ சிஆர்2032 பேட்டரியின் பிடியில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நாள், நேரம் அடிக்கடி மாறிப்போவது பேட்டரி தீர்ந்ததால் மட்டும் என்றால் புதுப் பேட்டரி போட்டதும் சரியாகிவிடும்; போட்ட பிறகும் தொடர்ந்தால் போர்டில் கசிவு இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத கோளாறுக்கு இரண்டு சோதனைகள் போதும். மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி ஓர் இரவு ஓடவிடுங்கள்; ஒரே ஒரு பிழை காட்டினாலும் ரேம் அல்லது அதன் இடுக்கு நம்பத்தக்கதன்று. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஹார்டு டிஸ்க்கின் நலத்தைப் பாருங்கள். அது மஞ்சள் நிறத்தில் எச்சரித்தால் மற்ற யோசனைகளை எல்லாம் நிறுத்திவிட்டு அன்றைக்கே கோப்புகளைப் படியெடுத்துவிட வேண்டும்.

இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றி வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கணினி பீப் ஒலி எழுப்பி நின்றால் ரேமைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துச் செருகுவது நம் பகுதியில் எல்லாரும் செய்யும் வைத்தியம். அந்த நேரத்துக்கு வேலை செய்யும். ஆனால் ரேமின் விளிம்பில் இருக்கும் தங்கமுலாம் மிக மெல்லியது. தேய்க்கத் தேய்க்க அது போய்விடும், அதன் அடியிலிருக்கும் நிக்கலும் செம்பும் உப்புக்காற்றுக்கு நேரே வெளிப்படும், அதன் பிறகு கோளாறு முன்னைவிட விரைவாகத் திரும்பி வரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில்லாத துணியில் நனைத்து மெதுவாகத் துடைத்தால் போதும். 99 சதவீதத் தூய்மை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். நீர் அதிகம் கலந்தது வேண்டாம்.

போர்டு தேறிவிட்டது என்றால், எஸ்எஸ்டி வாங்குவதில் குழப்பமே இல்லை. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 500 ஜிபி அளவு, தெரிந்த நிறுவனத்தின் பெயர், பில், மூன்று முதல் ஐந்தாண்டு உத்தரவாதம் ஆகிய இவ்வளவும் இருந்தால் போதும். எம்.2 வடிவில் வரும் வேகமான என்விஎம்இ வகை உங்கள் போர்டுக்கு ஆகாது. அதற்கான இடுக்கும் கிடையாது, அடாப்டர் வைத்துச் செருகினாலும் அந்தத் தலைமுறைப் போர்டுகள் பெரும்பாலும் அதிலிருந்து விண்டோஸைத் தொடங்காது. எச்81 சிப்செட்டில் நான்கு சாட்டா வழிகள் உண்டு. அவற்றில் இரண்டுதான் நொடிக்கு 6 கிகாபிட் வேகம் உடையவை. அந்த இரண்டில் ஒன்றில் செருகச் சொல்லுங்கள். பெரும்பாலான போர்டுகளில் அவற்றுக்கு வேறு நிறம் கொடுத்திருப்பார்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நல்லது. பழையதை அப்படியே நகலெடுத்தால் இத்தனை ஆண்டுகள் சேர்ந்த குப்பையும் கூட வரும். டேலியின் தரவுக் கோப்புறையையும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களையும் முதலிலேயே தனியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனால் பழைய திருமண அழைப்பிதழ்க் கோப்புகள் எல்லாம் புரியாத எழுத்துகளாகத் திறக்கும்.

ரேமைப் பொறுத்தவரை, போர்டில் இரண்டு இடுக்குகள், அதிகபட்சம் 16 ஜிபி. உங்கள் வேலைக்கு 8 ஜிபி போதும். பழைய 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 துண்டைப் பழைய பொருளாக, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சோடு வாங்குங்கள். மதுரையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் பழைய அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றியவை கிடைக்கும்.

மின்சாரத்தை இத்தகைய கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, நான் சேர்க்கிறேன். கேபினைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? அடித்தால் கடையில் எர்த் இல்லை, அல்லது இருந்தும் பயனில்லை. கணினியின் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டிக்குள்ளே, மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக, இரு கம்பிகளிலிருந்தும் உலோக உடலுக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் இணைத்திருப்பார்கள். எர்த் இல்லாதபோது அவற்றின் வழியே கேபினின் உடல் சுவர் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதியில், 115 வோல்ட் அளவில் மிதக்கும். கசியும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் பிரின்டரையோ மானிட்டரையோ ஓடும்போது செருகினால் அந்தக் கசிவு யுஎஸ்பி, விஜிஏ கம்பிகள் வழியே பாய்ந்து நுண்ணிய பாகங்களைக் கெடுக்கலாம். நம் மணல் தரையில் எர்த் நிற்பது கடினம்; ஈரமில்லாத மணல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது, கோடையில் எர்த் குழி காய்ந்துவிடுகிறது. தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த்தைக் கருவி வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கணினி வாங்கினாலும் இதைச் செய்யாவிட்டால் அதற்கும் இதே நிலைதான்.

இனி விண்டோஸ். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டன. தனிப் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருந்தால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரலாம். நிறுவனங்களுக்குத் தனித் திட்டம் உண்டு. அதை 2028 அக்டோபர் வரை நீட்டிக்கலாம், ஆனால் முதலாண்டு கணினி ஒன்றுக்கு 61 டாலர், அதன்பின் ஆண்டுதோறும் அது இரட்டிப்பாகும். உங்களுடையது கடை என்பதால், எந்தத் திட்டம் உங்களுக்குரியது என்று நிபந்தனைகளைப் படித்துச் சேருங்கள். பன்னிரண்டு ஆண்டுப் பழைய கணினிக்கு ஓராண்டுக்குமேல் அந்தப் பணத்தைக் கட்டுவது வீண்.

உங்கள் பிராசசர் நான்காம் தலைமுறை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும்; டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்குவழியில் ஏற்றித் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள், அது ஓடவும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. வீட்டில் படம் பார்க்கும் கணினி என்றால் நான் மறுக்கமாட்டேன். உங்கள் கணினியில் ஊராருடைய ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் சாதிச் சான்றும் ஸ்கேன் ஆகிக் கிடக்கின்றன. அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை அவை. பாதுகாப்பு உறுதியில்லாத அமைப்பில் அவற்றை வைப்பது சரியில்லை. லினக்ஸ் நல்ல வழிதான், உபுண்டு 24.04 பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. ஆனால் டேலியும் ஃபோட்டோஷாப்பும் அதில் நேரடியாக ஓடா, விரல்ரேகைக் கருவிகளின் மென்பொருளும் பெரும்பாலும் விண்டோஸையே எதிர்பார்க்கிறது. கடையின் முதன்மைக் கணினிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டார் சொல்லும் பொறுத்திருத்தலுக்கு வருகிறேன். கணினிப் பாகங்களின் விலை நாளாக நாளாக இறங்கும் என்பது நீண்ட காலம் உண்மையாக இருந்ததால், அவர்கள் அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் 2025இன் இறுதி மாதங்களில் ரேம் விலை நேர்மாறாக வேகமாக ஏறியது. உலகின் பெரும்பகுதி ரேமைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள்தாம். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் அதிக விலை கொடுத்து அள்ளிக்கொள்வதால், அவை தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பியிருக்கின்றன. நம் கடைகளில் குரூசியல் என்ற பெயரில் கிடைத்த ரேம், எஸ்எஸ்டி விற்பனையிலிருந்து விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்ததும் இதனால்தான். டிடிஆர்4 உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு வருவதால் அதன் விலையும் ஏறியது; எஸ்எஸ்டியின் விலையும் அதே திசையில் நகர்கிறது. ஆகவே விலை இறங்கட்டும் என்று மட்டும் காத்திருப்பது இப்போது பலன் தராது. காத்திருப்பதற்கு வேறொரு நல்ல காரணம் உண்டு: எஸ்எஸ்டி போட்டபின் இந்தக் கணினியே உங்கள் அன்றாட வேலைக்குப் போதும் என்றால், அவசரமின்றி நல்ல பொருளைத் தேடக் கெடு வரை நேரம் கிடைக்கிறது. எஸ்எஸ்டியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மே மாதத்தில் பொறியியல் கலந்தாய்வுக்கான விண்ணப்பக் கூட்டம் தொடங்குவதற்குள் அது உள்ளே இருக்க வேண்டும்.

மாற்றும் நேரம் வரும்போது, உங்கள் வேலைக்குப் புத்தம்புதிய கணினிதான் வேண்டும் என்பதில்லை. பெரிய அலுவலகங்கள் கழித்த டெல், எச்பி, லெனோவோ கணினிகள் புதுப்பித்து விற்கப்படுகின்றன. அவற்றில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, உதாரணமாக 2018இல் வந்த ஆறு கோர் ஐ5-8500 போன்றது, ரேமோடு சேர்ந்தே கிடைத்தால், ரேமைத் தனியே வாங்கும் செலவு மிஞ்சும். குளிரூட்டிய அலுவலகத்தில் இருந்த போர்டு பெரும்பாலும் உப்புக்காற்றைப் பார்த்திருக்காது. அங்கேயும் தகட்டைத் திறந்து பார்த்தே வாங்குங்கள். புதிதாகவே வேண்டும் என்றால் ஐ3-12100 அளவில் நிறுத்திக்கொள்ளலாம். ஒற்றைக் கோர் வேகத்தில் அது உங்கள் பழைய பிராசசரைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். உங்கள் மானிட்டரில் விஜிஏ என்ற பழைய இணைப்பு மட்டுமே இருந்தால், வாங்கும் போர்டில் அந்த இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இன்றைய சில போர்டுகளில் இருக்கிறது, பலவற்றில் இல்லை. பழைய பிரின்டருக்கும் விரல்ரேகைக் கருவிக்கும் விண்டோஸ் 11 டிரைவர் கிடைப்பதை முன்பே உறுதிசெய்யுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைப் புதுக் கணினிக்கு மாற்ற வேண்டாம். அதன் உள்ளிருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் வெப்பத்தில் வற்றுபவை. பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு.

எந்தக் கணினியானாலும் கடல் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். ஓடும்போது துணி போட்டு மூட வேண்டாம். மழைக்காலத்தில் நாள்கணக்காக அணைத்துப் போடுவதைவிட தினமும் சிறிது நேரம் ஓடவிடுவது நல்லது. உள்வெப்பம் ஏறும்போது உள்ளேயுள்ள காற்றின் ஈரப்பதம் குறைந்து உப்புப் படிவு உலர்ந்தே இருக்கும்.

கடைசியாக, அந்த 500 ஜிபி ஹார்டு டிஸ்க். நலமாக இருந்தால் அதைத் தனிப் பெட்டியில் போட்டுக் கோப்புகளின் நகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணினியை விற்பதானாலும் எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானாலும் டிஸ்க்கைக் கழற்றிவிட்டே கொடுங்கள். வெறுமனே அழித்த கோப்புகளை மீட்டெடுக்க முடியும். விரைவு ஃபார்மட்டும் அப்படித்தான். டிஸ்க்கையும் சேர்த்தே கொடுக்க நேர்ந்தால், அதை இரண்டாவது டிஸ்க்காக இணைத்து, ஃபார்மட் செய்யும்போது குவிக் ஃபார்மட் என்ற தேர்வை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். டிஸ்க் முழுவதிலும் சுழியங்கள் எழுதப்பட்டு முடிய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும்; அதுவரை கணினியை அணைக்க வேண்டாம்.